முகூர்த்தத் தேதிக்கு முந்தின நாள்

எனக்கு வாய் ஜாஸ்தி, முதல்லயே சொல்லிடறேன். சென்னீர்குப்பத்துல ஹைவே ஓரமா ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். பேரு ஜமீலா. ஆதார் கார்டை வாட்ஸப்புல தலைகீழா அனுப்பிட்டு "சீக்கிரம்க்கா, பஸ் போயிடும்"னு நிக்கற ஜனங்களோட நாள் பூரா மாரடிச்சா யாருக்குத்தான் வாய் நீளாது? ஆனா நான் சொல்ல வந்தது என்னைப் பத்தி இல்ல. பக்கத்துல பாத்திர வாடகைக் கடை வெச்சிருக்கற லோகநாயகியைப் பத்தி. ஒரு இடத்துல ஒழுங்கா உக்காரத் தெரியாத பொம்பளை. டீயைக்கூட நின்னுகினேதான் குடிப்பா, கிளாஸைக் கீழ வெக்கறதுக்குள்ள ரெண்டு தடவை அவங்க கோடவுனை எட்டிப் பார்ப்பா.

கடை அவ புருஷன் சிவராமண்ணன் ஆரம்பிச்சது. அண்டா, இட்லிக் கொப்பரை, பர்னர் அடுப்பு, சேரு, ஷாமியானா எல்லாம் செட்டா வாடகைக்கு, அதுல பெரிய செட் ஒண்ணே ஒண்ணுதான். பூந்தமல்லியில இருந்து ஆவடி வரைக்கும் சின்னச் சின்ன மண்டபத்துக்கு இவங்க சாமான்தான் போகும். அண்ணன் எதையும் எழுதி வெச்சு நான் பார்த்ததே இல்ல. போன் வந்தா கண்ணை மூடுவாரு. "அன்னிக்கா? பெரிய செட் திருவேற்காடு போவுது, சின்ன செட் வேணா தரேன்"னு பட்டுனு சொல்வாரு. எல்லாம் மண்டைக்குள்ளயே ஓடும்.

அந்த மண்டைதான் போன ஆவணியில சறுக்க ஆரம்பிச்சுது. அயனம்பாக்கத்துல ஏரிக்கரைப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகவேண்டிய சாமானைக் கொரட்டூருக்கு அனுப்பிட்டாரு. அங்க விசேஷமே இல்ல, மண்டபம் பூட்டிக் கெடக்குது. இங்க சமையல்காரர் அடுப்பு இல்லாம கையைப் பிசைஞ்சுகினு நிக்கறாரு. அடுத்து, ஒரே நாள்ல அதே சேருங்களை ரெண்டு பார்ட்டிக்கு ஒத்துக்கினாரு. ரெண்டு தடவையும் விஷயம் அவர் அண்ணன் நடேசன் காதுக்குப் போயிடுச்சு.

நடேசன் ஆவடியில ஃபேக்டரி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன், ஆனா எல்லாம் நேரத்துக்கு நடக்கணும் அவருக்கு. கோடவுன் இருக்கற இடம் அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொது. பெங்களூர் ஹைவேயை ஒட்டின இடமாச்சே, கார் ஷோரூம்காரன் ஒருத்தன் நடேசன் பின்னாடியே சுத்திக்கினு இருந்தான். "இதோ பாரு சிவா, இந்தத் தை மாசம் பார்ப்பேன். இன்னொரு தப்பு நடந்துதுன்னா கடையை மூடு, இடத்தை அவனுக்கு விட்டுடலாம்"னு நடேசன் கோடவுன் வாசல்லயே சத்தமா சொல்லிட்டுப் போனாரு. பஜ்ஜிக் கடைக்காரன் வரைக்கும் கேட்டுது.

நடேசனுக்குத் தெரியாத இன்னொண்ணு எனக்குத் தெரியும். ஒருநாள் சிவராமண்ணன் ஆவடி பஸ் ஸ்டாண்டுல எந்தப் பஸ் ஏறணும்னு தெரியாம நின்னுகினே இருந்திருக்காரு. தெரிஞ்சவங்க யாரோ பார்த்துக் கூட்டியாந்து விட்டாங்க. லோகா அவரைப் பெரிய டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனா. அவரை வெளிய உக்கார வெச்சுட்டு டாக்டர் இவகிட்ட தனியாப் பேசியிருக்காரு.

"மாத்திரை குடுத்துகீறாரு. போனது திரும்ப வராதாம், இருக்கறதும் மெதுவாப் போவுமாம்"னு என் கவுன்டர்ல சாஞ்சுகினு சொன்னா. "அவருக்கே தெரியாது ஜமீலா. அவங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே கடைக்குப் பூட்டு. வாயைத் தொறந்தே, உன்னைக் கொன்னுடுவேன்."

என் வாயைப் பத்தி ஊருக்கே தெரியும். ஆனாலும் இதை நான் யார்கிட்டயும் மூச்சு விடல.

அந்த வாரமே என்னோட பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிட்டா. "எதுக்குடி, ஒரு டைரி போட்டு எழுதேன்"னு சொன்னேன். கோவம் வந்துடுச்சு அவளுக்கு. "டைரியில தேடணும். போன் அடிச்சதும் இருக்கு, இல்லன்னு நான் உடனே சொல்லணும். கொஞ்சம் இழுத்தேன்னா போதும், அவர் போனைப் பிடுங்கி 'எடுத்துக்குங்க'ன்னு சொல்லிடறாரு. அப்புறம் அதையும் மறந்துடறாரு." அந்த கம்ப்யூட்டர்ல ஆக்சஸ்னு ஒண்ணு இருந்துது. தகவலைக் கட்டம் கட்டமாப் போட்டு வெச்சா, கேக்கறப்ப எடுத்துக் குடுக்கற சாஃப்ட்வேரு. நான் அதைத் தொட்டதுகூட இல்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு நீலக் கலர் பேக்ரவுண்டு போடறதுதான். லோகா போன்ல வீடியோ பார்த்து அவளாவே கத்துக்க ஆரம்பிச்சா.

யா அல்லா, அந்தக் கூத்தை என்னன்னு சொல்வேன்! முதல் நாள் நாலு பார்ட்டி பேரை அடிச்சுட்டு சேவ் பட்டன் எங்கன்னு தேடறா. வரிக்கு முன்னாடி சின்னதா பென்சில் படம் ஒண்ணு நிக்குது, அதைப் பார்த்து அவளுக்கு பயம். "ஜமீலா, இது ஏதோ தப்புங்குது"ன்னு ஓடி வர்றா. நான் போய்ப் பார்க்கறதுக்குள்ள பதட்டத்துல அடுத்த வரியில கையை வெச்சுட்டா, பென்சிலைக் காணோம். அடுத்த வரிக்குப் போனாலே அது தானா சேவ் ஆகிடுமாம், அது எங்க ரெண்டு பேருக்குமே தெரியல. போயிடுச்சுன்னு நெனச்சு அதையே மறுபடி அடிச்சா, இன்னொரு தடவையும் அடிச்சா. சாயங்காலம் பார்த்தா வேலப்பன்சாவடி பார்ட்டிக்கு ஒரே நாள்ல மூணு கல்யாணம்.

அதை அழிக்கப் போய் அடுத்த வம்பு. ஒவ்வொரு வரிக்கும் அதுவே ஒரு நம்பர் போடும். ஏழாம் நம்பரை அழிச்சா, அடுத்தது எட்டுதான் வருது, ஏழு வரவே மாட்டேங்குது. "ஏழு எங்க போச்சு? ஏழுல ஏதாவது பார்ட்டி இருந்து, அதை நான் அழிச்சுட்டேனா?"ன்னு ராத்திரி பூரா தூக்கமில்லயாம். காலையில வந்ததும் வராததுமா அதே கேள்வி. "அடியே, ஏழு செத்துப் போச்சு, அதுக்கு என்ன கருமாதியா பண்ணப் போறே? வேலையப் பாரு"ன்னு கத்தினேன். சிரிச்சா. ஆனா சிரிச்சுகினே எட்டி கோடவுனைப் பார்த்தா. உள்ள போன் அடிச்சா இவ அடுத்த நிமிஷம் அங்க இருப்பா, அண்ணன் கை போன் மேல படக்கூடாது.

வீடியோவுல எவனோ ஒருத்தன் பொம்மை விக்கற கம்பெனியை உதாரணமா வெச்சுகினு பாடம் நடத்தறான். வாங்கறவன் பேரு, போன் நம்பரு, தேதி, என்ன சாமான். லோகாவும் அப்படியே கட்டம் போட்டா. பார்ட்டி பேரு, போன், மண்டபம், தேதி, எந்த செட். அப்புறம் தேதியை அடிச்சா அன்னிக்கு எந்த செட் வெளிய போவுதுன்னு காட்டற மாதிரி ஒரு கேள்வியும் செஞ்சு வெச்சா. அது முதல்ல ஒழுங்கா வேலை செஞ்ச அன்னிக்கு என் கடைக்கு ஓடி வந்து, ஜெராக்ஸ் எடுக்க நின்ன ஒரு கான்ஸ்டபிளைத் தள்ளிட்டு என் கையைப் புடிச்சு இழுத்துகினு போனா. தேதி அடிச்சா பேர் வருது. காலியான தேதி அடிச்சா வெறும் கட்டம் வருது. "பாரு, பாரு, கேட்டா சொல்லுதுடி!" கண்ணெல்லாம் தண்ணி. எனக்கும் சந்தோஷம்தான், அந்தக் கான்ஸ்டபிள் மட்டும் முறைச்சுகினே நின்னாரு.

மார்கழி பூரா தைக்கு புக்கிங் வந்துது. பத்திரிகையை வாட்ஸப்புல அனுப்புவாங்க, இவ அதுல இருக்கற முகூர்த்தத் தேதியைப் பார்த்து ஏத்துவா. எதையும் மனசுல வெச்சுக்கறதில்லன்னு பிடிவாதமா இருந்தா. மனசு ஏமாத்திடும்னு அவளுக்கு அவ்வளவு பயம். ஒருநாள் கொரட்டூர்ல இருந்து போன். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், பெரிய செட் வேணும். தேதியை அடிச்சா, வெறும் கட்டம். சரின்னுட்டா. சிவராமண்ணன் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. "வெள்ளியா? இரு, அதுக்கு முந்தின நாளு..."ன்னு ஆரம்பிச்சாரு. வாய் அப்படியே நின்னு போச்சு, என்ன சொல்ல வந்தோம்னு முழிக்கறாரு. "நீங்க சும்மா இருங்க, கம்ப்யூட்டர்ல பார்த்துட்டேன், காலியாத்தான் இருக்கு"ன்னு இவ அடக்கிட்டா. நான் அன்னிக்கு லைட் பில் பங்கு பத்திப் பேச அங்க போயிருந்தேன், என் கண்ணு முன்னாடி நடந்தது.

அந்த வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை காலையில நான் ஷட்டரைத் தூக்கிகினு இருக்கேன். இவங்க குட்டியானை லோடு வண்டி ஓட்டற தினேஷ் வந்து கோடவுன் வாசல்ல நிக்கறான். "இன்னாக்கா, கொரட்டூருக்கு மதியமே ஏத்தணுமே, பெரிய செட் எங்க?"

"அது அயனம்பாக்கம் கல்யாணத்துல கீது. இன்னிக்கு முகூர்த்தம். சாயங்காலம் கழுவி வந்துடும், கொரட்டூருக்கு நாளைக்குத்தானே கல்யாணம்?"

"கல்யாணம் நாளைக்குத்தான்க்கா. ரிசப்ஷன் இன்னிக்கு நைட்டு. சாயங்காலம் டிபனுக்கு அடுப்பு பத்தணும், சமையல் மாஸ்டர் ரெண்டு தபா போன் பண்ணிட்டாரு."

லோகா முகம் வெளுத்துப் போச்சு. தாலி கட்டறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மத்தியானமே சமையக்கட்டுல சாமான் இறங்கிடணும், மறுநாள் மதியச் சாப்பாடு முடிஞ்சாத்தான் பாத்திரம் திரும்பும். ஊர்ல எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். இவ கல்யாணமும் அப்படித்தான் நடந்துது. ஆனா பொம்மைக் கம்பெனிக்கு ரிசப்ஷன் ஏது? அந்த வீடியோக்காரன் ஒரு தேதி போட்டான், இவளும் ஒரு தேதி போட்டா. ஒரு கல்யாணத்துக்கு சாமான் ரெண்டு நாள் வெளிய இருக்கும்னு கம்ப்யூட்டருக்கு யாருமே சொல்லல.

"அவர் அன்னிக்கே சொல்ல வந்தாரு ஜமீலா. நான்தான் வாயை அடைச்சேன்"னா. அதைச் சொல்லிகினே போனைப் போடறா. ஆவடி, திருவேற்காடு, மாங்காடு, எவன்கிட்டயும் பெரிய செட் இல்ல. தை மாசத்து அடுத்தடுத்த முகூர்த்தம், எவன் சும்மா வெச்சிருப்பான்? ஒரே நம்பரை ரெண்டு தடவை போடறா. எனக்குப் பொறுக்கல, ஷட்டரைத் திரும்ப இறக்கிட்டு வண்டி முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டேன். "ஏறுடி. அயனம்பாக்கம் போய் அங்கேயே நின்னு பிடுங்குவோம்."

அயனம்பாக்கத்துல அப்பதான் பந்தி ஆரம்பம். சமையக்கட்டுல புகையும் வேர்வையுமா இருக்குது. லோகா நேரா மாஸ்டர் பார்த்தசாரதிகிட்ட போனா. பொய் பேசல, சுத்தி வளைக்கல. "மாஸ்டர், நான் தப்புப் பண்ணிட்டேன். ஒவ்வொரு அண்டாவும் காலியானதும் எனக்குக் குடுங்க, நானே கழுவிக்கறேன்." அவர் ரெண்டு வார்த்தை திட்டினாரு. அப்புறம் பாய் மேல வெள்ளைத் துணியை விரிச்சு, வெந்த சோத்தை அதுல கொட்டச் சொன்னாரு. ஒரு அண்டா கிடைச்சுது. சாம்பாரை வாளி வாளியா மாத்தினாங்க, இன்னொண்ணு கிடைச்சுது. நானும் அவளும் புடவையைத் தூக்கிச் சொருகிகினு குழாயடியில தேய்க்கறோம். பட்டுப்புடவை கட்டின பொம்பளைங்க கை கழுவ வந்து எங்களை ஏற இறங்கப் பார்க்கறாங்க. ஒருத்தி என்கிட்ட வந்து, பாயசம் இன்னும் இருக்கான்னு கேட்டா. வாயில நல்லா வந்துது, அல்லா பேரைச் சொல்லி முழுங்கிட்டேன்.

முதல் நடை கொரட்டூர் போய்ச் சேர்ந்தப்பவே சாயங்காலம் ஆரம்பிச்சிடுச்சு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டுல ஷிஃப்ட் விட்ட கூட்டம், வண்டி நகரவே இல்ல. லோகா சீட்டு நுனியில உக்காந்து தினேஷ் தோளைத் தட்டிகினே வர்றா. "எக்கா, வண்டியா பறக்கும்? இறங்கி வேணா தள்ளு"ன்னு அவனும் எகிறிட்டான். ரெண்டாவது நடை போறதுக்குள்ள அங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க டிபன் எங்கன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பொண்ணோட மாமா சமையக்கட்டு வாசல்ல நின்னு கத்தினாரு. கடைசியில இலை போட்டாங்க, எல்லாரும் சாப்பிட்டாங்க, ஆனா லேட்டு லேட்டுதான். அந்த மாமா ஃபேக்டரியில நடேசனோட வேலை பார்த்தவரு. உடனே அவருக்கு போன் பண்ணிட்டாரு.

ஞாயித்துக்கிழமை நடேசன் வந்தாரு. நான் என் கடையில இருந்தே குரலைக் கேட்டேன், போட்டது போட்டபடி அங்க போனேன். கூப்பிடாமத்தான் போனேன், யார் என்ன சொன்னாலும் சரின்னு.

"என்னடா சிவா, நான் சொன்னேனா இல்லியா? கொரட்டூர்ல என் மானம் போச்சு. மறுபடி மறந்துட்டியா?"

சிவராமண்ணன் எழுந்து நின்னாரு. பொண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தாரு. "ஆமாண்ணா. நான்தான் மறந்துட்டேன். அவ மேல தப்பு இல்ல"ன்னாரு.

அந்த மனுஷன் பொய் சொல்றாரு, அவளைக் காப்பாத்தறதுக்குச் சொல்றாரு. நடேசன் தலையாட்டிட்டு, "சரி, அப்ப பேச்சு முடிஞ்சுது, ஷோரூம்காரனை வரச் சொல்றேன்"னு போனை எடுத்தாரு.

"இல்ல மாமா, அவர் பொய் சொல்றாரு"ன்னா லோகா. "அவர் மறக்கல. அந்தப் புக்கிங்கை எடுத்தது நான். தேதியைத் தப்பாப் போட்டது நான்."

"புருஷனை விட்டுக்குடுக்காம பேசறே. நல்லதும்மா. ஆனா..."

"விட்டுக்குடுத்துத்தான் பேசறேன்!" அவ குரல் அப்படியே உடைஞ்சுது. "அவருக்கு மறதி இல்ல மாமா, வியாதி. போன ஞாபகம் திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இது அவர் தப்பா இருந்தா நாளைக்கும் நடக்கும், அடுத்த மாசமும் நடக்கும், நீங்க கடையை மூடறதுதான் நியாயம். என் தப்பா இருந்தா, நான் திருத்திட்டேன். வந்து பாருங்க."

அடிப்பாவி, அவர் முன்னாடியே போட்டு உடைச்சுட்டியேன்னு ஒரு பக்கம் கோவம். வேற என்னதான் சொல்லுவா, பாவம்னு ஒரு பக்கம் அழுகை. நடேசன் போனைச் சட்டைப் பையில போட்டுட்டு, தம்பி பக்கத்துல வந்தாரு.

"எத்தினி நாளாடா இப்படி?"

"தெரியலண்ணா"ன்னாரு அவரு.

நடேசன் பக்கத்துல இருந்த சேர்ல உக்காந்தாரு. அப்புறம் மூக்கை உறிஞ்சிட்டு, "எங்க, காட்டும்மா"ன்னாரு. லோகா காட்டினா. ஒரு தேதிக்குப் பதிலா இப்ப ரெண்டு தேதி. சாமான் கிளம்பற நாளு, திரும்பி வர்ற நாளு. முகூர்த்தத் தேதி தனியா. வெள்ளிக்கிழமையே உக்காந்து பழைய புக்கிங் எல்லாத்தையும் மாத்தி வெச்சுட்டா, இன்னும் ரெண்டு இடத்துல இடிக்கறதையும் கண்டுபுடிச்சு அந்தப் பார்ட்டிங்களுக்குப் போன் பண்ணிட்டா. நடேசன் அவர் பாட்டுக்கு ஒரு தேதி சொன்னாரு. அடிச்சா. அன்னிக்குப் பெரிய செட் பூந்தமல்லியில இருக்கும், மறுநாள்தான் வரும்னு காட்டுச்சு. இன்னொரு தேதி சொன்னாரு. நாலஞ்சு தடவை கேட்டாரு, பரீட்சை வெக்கற வாத்தியார் கணக்கா. எழுந்து போறப்ப, "ஷோரூம்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ கடையைப் பாரு"ன்னாரு. தம்பியோட சட்டைக் காலர் மடங்கி இருந்துது. அதைச் சரி பண்ணி விட்டுட்டுப் போனாரு.

அன்னிக்குப் பூரா புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கல. லோகா கோடவுனுக்கும் என் கடைக்குமா நடந்துகினே இருந்தா. "நான் அவரைக் கொன்னுட்டேன் ஜமீலா"ன்னா. "ஆமா, கொன்னே. போய் அவருக்குச் சோறு போடு"ன்னு தொரத்தினேன். வேற எனக்கு என்ன சொல்லத் தெரியும்?

மறுநாள் காலையில ஒரு பேப்பரைக் குடுக்க அங்க போனேன். கம்ப்யூட்டர் முன்னாடி இவ உக்காந்திருக்கா, பக்கத்துல சேரைப் போட்டுகினு சிவராமண்ணன். அவர் சொல்றாரு, இவ அடிக்கறா.

"கொரட்டூர் மண்டபம். பின்வாசல் சின்னது, பெரிய அண்டா நுழையாது, முன்பக்கமாத்தான் கொண்டு போவணும். போட்டுக்கினியா? திருவேற்காடு மாஸ்டரு, அவர் வாடகை நல்லா குடுப்பாரு, ஆனா அடிப்பிடிக்க விட்டுடுவாரு. பழைய செட்டு குடு அவருக்கு. அந்த அயனம்பாக்கம் வாட்ச்மேனு, பேரு... அவர் பேரு..." நின்னுட்டாரு. கண்ணை மூடிப் பார்த்தாரு. வரல. "சரி, அவர் பேரை நீ கேட்டுப் போட்டுக்க. இருக்கற வரைக்கும் நான் சொல்றேன், நீ ஏத்திக்கோ லோகா. நான் சீக்கிரம் சொல்லணும், நீ வேகமா அடி."

இவ அடிக்கறா. கண்ணுல தண்ணி ஊத்துது, துடைக்கக் கை எடுக்கல, அடிச்சுகினே இருக்கா. அடுத்து யாருன்னு கேட்டா.

"அடுத்து ஒரு சீட்டு ரெடி பண்ணு. என் சட்டைப் பையில வெக்கறதுக்கு, எங்கயாவது வழி தெரியாம நின்னுட்டா காட்ட. ஜமீலா லேமினேஷன் போட்டுத் தரும், இல்லியாம்மா?" என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. "இந்தக் கடை அட்ரஸைப் போடு. உன் போன் நம்பரைப் போடு. அதுக்கு மேல உன் பேரைப் பெருசாப் போடு."

"என் பேரு எதுக்குங்க?"ன்னா லோகா.

"இருக்கட்டும்"னாரு.